அரக்கு வைத்த பொத்தான்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் மாமியார் ஒரு ரயில் விஷயமாகக் கோபத்தில் இருந்தார். அந்த ரயில் ஒரு நாவலில் வருவது. கதாநாயகி புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருகிறாள். ஒரு காலை ரயில் படியிலும் மறு காலைப் பிளாட்பாரத்திலும் வைத்து நிற்கிறாள். கார்டு விசில் ஊதுகிறார். அத்தோடு இரண்டாம் பாகம் முடிந்துவிட்டது. மூன்றாம் பாகத்தை, பார்வையற்றோருக்குப் புத்தகங்களைக் குரலில் பதிந்து தரும் 'பேசும் நூலகம்' இன்னும் ஒலிப்பதிவே செய்யவில்லை. சர்க்கரை வியாதியில் மாமியாருக்குக் கண் போய்விட்டதால் தானே எடுத்துப் படிக்கவும் வழியில்லை.

வேலையில் இருந்த காலத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தலைமை நர்ஸ் அவர். டாக்டர்களையே கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பியவர். அப்பேர்ப்பட்டவருக்கு, ஒருத்தி வருஷக்கணக்கில் படியில் ஒற்றைக்காலை வைத்தபடி நிற்பதும், தன்னால் அவளை ஏற்றவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் இருப்பதும் பொறுக்கவில்லை.

"ஏறுறாளா இறங்குறாளான்னு தெரியாம நான் கண்ணை மூட மாட்டேன் மாப்பிள்ளை" என்பார். ஏற்கெனவே மூடிய கண்ணைப் பற்றித்தான் இப்படிச் சொல்கிறார் என்பதை நினைத்து மாஸ்டர் சிரிக்கவும் முடியாமல், சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் தவிப்பார்.

நாவல் கடைகளில் கிடைக்கவில்லை. ஒரே ஒரு பிரதி பேசும் நூலகத்தின் இரும்பு அலமாரியில் இருந்தது. வீட்டிலிருந்தபடியே வாசித்துப் பதிவு செய்து தரும் தன்னார்வலர்கள் தேவை என்று நூலகம் விளம்பரம் செய்திருந்தது. மாஸ்டருக்கு நம்பிக்கை பிறந்தது. நடுங்கிக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடிப்பவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து "கிளட்சை மெதுவா விடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிச் சொல்லியே பதமான குரல் அவருடையது. அவர் சொன்னால் லாரிக்கு முன்னாலும் ஒன்றும் ஆகாது என்று தோன்றும். ஆனால் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவர் வலது கால் மட்டும் தன் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை அழுத்தத் தயாராக இருக்கும். அந்தக் கால் வீட்டிலும் ஆபீஸிலும்கூட, ஆபத்து என்று பட்டால் தானாகத் தரையை அழுத்தும்.

நூலகத்துப் பொறுப்பாளர் அவரை ஒரு வரிகூட வாசிக்கச் சொல்லவில்லை.

"என்ன மைக் வெச்சிருக்கீங்க?"

இன்னும் வாங்கவில்லை என்றார் மாஸ்டர். முதலில் குரல் சரிப்படுமா என்று தெரிந்துகொண்டு வாங்கலாம் என்றிருந்தாராம்.

"குரல் எல்லார்கிட்டயும்தான் இருக்கு சார்" என்றார் பொறுப்பாளர். "கண்டென்சர் மைக் வாங்குங்க. அதை ஒலித்தூய்மை ஆணையம் தேர்ந்தெடுக்கணும். அப்புறம்தான் புத்தகம்."

மாஸ்டரின் கால் தரையை அழுத்தியது.

ஒலித்தூய்மை ஆணையம் பிறந்த கதை சுருக்கமானது. முன்பெல்லாம் நூலகமே பதிவு செய்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு பதிவின் நடுவே ஒரு தும்மல் கேட்டதாம். அந்தத் தும்மலை விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். குழு தும்மியவரைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் கலையவும் இல்லை. வளர்ந்து, கட்டடம் கட்டி, கம்பளம் விரித்து, ஆணையமாகிவிட்டது. அதற்குப் பிறகு நூலகத்திலிருந்து தும்மலும் வரவில்லை, புத்தகமும் வரவில்லை.

கைக்கு அடக்கமாக ஒரு மைக் வாங்க மாஸ்டர் கடைக்குப் போனபோது மாமியாரும் கூட வந்தார். கேட்கப்போவது நான், நான் இல்லாமல் என்ன வாங்குவீர்கள் என்பது அவர் வாதம். கடைக்காரர் நியாயமான மனிதர். மூன்று மைக்குகளை எடுத்து வைத்தார். கண்டென்சர் மைக் என்பது காது கூர்மையான ஜாதி, சுவரில் பல்லி நடந்தாலும் கேட்கும், அதனால் துணி அடைத்த அலமாரிக்குள் உட்கார்ந்து பேசுங்கள் என்றார். அதைப் பொருத்த ஒரு சின்னப் பெட்டியையும் காட்டி, அதில் நாற்பத்தெட்டு வோல்ட் என்று எழுதிய பொத்தானை அழுத்த மறக்கக்கூடாது என்றார்.

"அந்த மின்சாரம் போனாத்தான் இதுக்கு உயிரு. அழுத்தலைன்னா இது வெறும் கட்டை."

மாமியார் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். மாஸ்டர் ஒவ்வொரு மைக்கிலும் பேசிக் காட்டினார். முதலாவது, விலை அதிகமானது. பல்வலிக்காரன் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார் மாமியார். இரண்டாவது, மாப்பிள்ளையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிட்ட மாதிரி. மூன்றாவது மூன்றிலும் மலிவு. அதைக் கேட்டதும் அவர் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இது நம்ம மாப்பிள்ளையேதான்" என்றார் பிறகு. "என்ன செய்யறது, இதையே கட்டுங்க."

தேர்வு முடிந்தது. அதாவது, அந்தக் கடையில் இருந்த மூன்று பேருக்கும் முடிந்தது என்று பட்டது.

ஆணையத்திலிருந்து முதலில் வீட்டுக்கு வந்தவர் மௌனப் பரிசோதகர். வாசலிலேயே ஷூவைக் கழற்றி ஒரு வெல்வெட் பைக்குள் போட்டுக்கொண்டு, காலுறையோடு பூனை போல நடந்து வந்தார். மாஸ்டரின் மனைவி வீட்டில் தையல் வேலை செய்பவர். அன்றைக்குக் கொடுக்க வேண்டிய துணி மிஷினில் பாதியில் நின்றது. மிஷினை நிறுத்தச் சொன்னார் பரிசோதகர். நிறுத்தினார்கள். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள். கடிகாரத்தை நிறுத்தச் சொன்னபோது மாமியார், "என்னை எப்ப நிறுத்துவீங்க?" என்று கேட்டார். பரிசோதகர் அதையும் குறித்துக்கொண்டார்.

மாஸ்டர் அலமாரிக்குள் ஏறி, பாதி தைத்த கவுன்களுக்கும் கோட்டுகளுக்கும் நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பெட்டியின் பொத்தானை மறக்காமல் அழுத்தி, ஒரு பக்கம் வாசித்தார். நடுவில் ஒரு குண்டூசி குத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தார். பதிவு அருமையாக வந்தது. பரிசோதகர் அதை ஹெட்போனில் கேட்டார். சாவு வீட்டில் பிணத்தின் முகத்தைப் பார்க்கிறவர் மாதிரி அவர் முகம் மாறியது.

ஆணையத்தின் முடிவு சில வாரங்களில் தபாலில் வந்தது. மாஸ்டரின் மனைவி உரக்கப் படித்தார். குளிர்சாதனப் பெட்டியின் உறுமல், மாடி வீட்டில் நாற்காலி இழுக்கும் ஓசை, மூத்த பெண்மணி ஒருவர் தொண்டையைச் செருமுவது, விண்ணப்பதாரர் எங்கோ குத்துப்பட்டு மூச்சை இழுப்பது, எல்லாம் பதிவாகியிருந்தனவாம். 'இவை தவிர, பதிவு முழுவதும் ஒரு ஆணின் பேச்சுக்குரல் தொடர்ச்சியாகக் கேட்கிறது. இது மிகக் கடுமையான குறை. சுருக்கமாக, இந்த ஒலிவாங்கியில் ஒலி புகுந்துள்ளது. நிராகரிக்கப்படுகிறது.'

"ஊசி போட்டா வலிக்குதுன்னு ஊசியை நிராகரிக்கிற மாதிரி இருக்கே" என்றார் மாமியார். "நீங்க விடாதீங்க மாப்பிள்ளை. அவ இன்னும் படியில நிக்கிறா."

மாஸ்டர் மேல்முறையீடு செய்தார்.

ஆணையத்தின் தலைமையகத்தில் எல்லோரும் கிசுகிசுத்தார்கள். வாசல் காவலாளி கிசுகிசுத்துத்தான் பெயரைக் கேட்டார். லிஃப்ட் மணியில் பஞ்சு சுற்றியிருந்தது. கம்பளத்தில் கணுக்கால் புதைய நடந்து மாஸ்டர் அடைந்த மண்டபத்தில் மூன்று பொன்செவியர்கள் வீற்றிருந்தார்கள். பொன்செவியர் என்பது ஆணையம் தன் நிபுணர்களுக்குத் தானே கொடுத்துக்கொண்ட பட்டம். நடுவில் தலைவர். அவருக்கு இடப்பக்கம் உபதலைவர்; அவருடைய வலது காது போன வருஷமே ஓய்வு பெற்றுவிட்டது, ஆனால் பணி நீட்டிப்பில் இருந்தது. மூன்றாமவர் கண்ணை மூடியபடி இருந்தார். அவர் கேட்கிறாரா தூங்குகிறாரா என்பது அவருடைய பதவிக்காலம் முழுவதும் தீர்மானிக்கப்படாத கேள்வி.

மேல்முறையீடு என்றால் பட்சபாதம் இருக்கக்கூடாது. ஆகவே மைக்குகளுக்கு வெல்வெட் பை மாட்டியிருந்தார்கள். மாஸ்டருடையது ஒன்று, ஆணையத்தின் விலைமதிப்புள்ள மைக்குகள் சில. எது எதுவென்று பொன்செவியர்களுக்குத் தெரியாது. எல்லாம் ஒரு பிரம்மாண்டமான மேஜைக் கருவியில் பொருத்தப்பட்டிருந்தன. அதில் ஓரத்தில், கடைக்காரர் சொன்ன அதே எண் எழுதிய பொத்தான் இருப்பதை மாஸ்டர் பார்த்தார். அதன் மேல் சிவப்பு அரக்கு உருக்கி ஊற்றி, முத்திரை குத்தியிருந்தது.

மாஸ்டரின் கால் கம்பளத்தை அழுத்தியது. ஆனாலும், அந்தப் பொத்தான் எதற்காக இப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டார்.

தலைவர் கருணையோடு பார்த்தார். தெரியாமல் கேட்கிறவர்களை மன்னிப்பது பதவியின் அழகு என்று நினைப்பவர் அவர்.

"எங்க முதல் தலைவர் பெரிய மேதை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் பொத்தானைத் தன் கையாலேயே அழுத்திட்டார். அழுத்தின மாத்திரத்துல ஸ்பீக்கர்ல எல்லாம் வந்திருச்சு. தெருவுல போற வண்டி, பக்கத்து ரூம்ல யாரோ சிரிக்கிறது, அவரோட மூச்சு. அன்னிக்கே அரக்கு வெச்சார். அதுக்கப்புறம் இந்த மேஜையில சின்னச் சத்தம் வந்தது கிடையாது. எத்தனையோ மைக் வந்து போயிருக்கு, ஒண்ணுலகூட இரைச்சல் இல்லை. சும்மா வந்துடுமா தூய்மை? ஒரு பரம்பரை வேணும் சார்."

இல்லை, கடைக்காரர் என்ன சொன்னார் என்றால், என்று மாஸ்டர் ஆரம்பித்தார். கடை என்ற சொல்லைக் கேட்டதும் உபதலைவர் வேலையில் இருக்கும் காதையும் பொத்திக்கொண்டார். மாஸ்டர் அடங்கிவிட்டார். மூன்று பொன்செவியர்களுக்கு, சரி, ஐந்து பொன்செவிகளுக்குத் தெரியாதது தனக்கா தெரியப்போகிறது?

சோதனை தொடங்கியது. ஒவ்வொரு மைக்கின் முன்னாலும் மாஸ்டர் ஒரே பத்தியை வாசித்தார். பொன்செவியர்கள் ஹெட்போனில் கேட்டார்கள். மாஸ்டர் அறிந்தவரை, அந்த ஹெட்போன்களில் எதுவும் வந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவர்கள் முகத்தில் வந்ததோ ஏராளம்.

முதல் மைக்கில் மேல்ஸ்தாயி கொஞ்சம் கரடு என்றார் உபதலைவர். இரண்டாவதில் கதகதப்பு இருக்கிறது, ஆனால் நேர்மை இல்லை என்றார் தலைவர். அடுத்ததில் காற்றோட்டம் போதாதாம். ஒன்றைக் கேட்டுவிட்டு, இதைச் செய்தவன் இளமையில் துன்பப்பட்டிருக்க வேண்டும் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். கடைசிப் பை வந்தது. தலைவர் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். மாஸ்டர் வாசித்து முடித்த பிறகும் கேட்டார். அவர் கண்ணில் நீர் தளும்பியது.

"ஆழம்" என்றார். "மத்ததுல சத்தம் இல்லை, அவ்வளவுதான். இதுல மௌனம் இருக்கு."

மூன்றாமவர் கண்ணைத் திறக்காமலே தலையசைத்தார். அது சம்மதமா, சொக்கி விழுந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை.

பையை நீக்கினார்கள். மாஸ்டரின் மலிவு மைக் வெளியே வந்தது. விலையை விசாரித்தார்கள். மாஸ்டர் சொன்னார். மண்டபத்தில் ஏற்கெனவே இருந்த மௌனத்துக்குள் இன்னொரு மௌனம் விழுந்தது. தோற்றுப்போன மைக்குகள் ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்தவர் அந்த மூவரில் ஒருவர்தான்.

தலைவர்தான் முதலில் தேறினார். "இவ்வளவு உயர்ந்த பொருளை இவ்வளவு மலிவா விக்கறது அந்த மைக்குக்கே அவமானம்" என்றார். "அதை நாங்க சரிபண்றோம்."

சான்றிதழ் கிடைத்தது. ஆனால் மைக் வீட்டுக்குத் திரும்பவில்லை. சான்று பெற்ற மைக்கை சாதாரண வீட்டில் வைத்தால் பழையபடி ஒலி புகுந்துவிடும் என்று விதி. வாசிப்பு ஆணையத்தின் அறையிலேயே நடந்தது. இரும்பு அலமாரியிலிருந்து புத்தகம் வந்தது. கையுறை போட்டவர் ஒருவர் பக்கம் புரட்டினார். வாசிப்பவருக்கு ஹெட்போன் கிடையாது; தன் குரலைத் தானே கேட்பது அகம்பாவம். மாஸ்டர் முழுப் புத்தகத்தையும் வாசித்தார். அழ வேண்டிய இடத்தில் குரல் உடைந்தது, சிரிக்க வேண்டிய இடத்தில் அவரை மீறிச் சிரித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கருவியில் ஒலியின் அளவைக் காட்டும் முள் படுத்த படுக்கையாகக் கிடந்தது. பதிவு அதிகாரி, முள் இவ்வளவு அடக்கமாக இருந்து பார்த்ததில்லை என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

வீட்டில் மாமியார் கதையைச் சொல்ல விடவில்லை. மாஸ்டர் வாயைத் திறந்தாலே கையைக் காட்டி நிறுத்தினார். எல்லாரும் கேட்கும்போது, முறையாக, முதலிலிருந்து கேட்க வேண்டுமாம். இத்தனை நாள் நின்றவள் இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்றார். அவர் குரலில் கல்யாணத் தேதி குறித்த வீட்டின் சந்தோஷம் இருந்தது. பதிவில் எதுவும் விழுந்திருக்காதோ என்ற சந்தேகம் மாஸ்டருக்கு இருந்துகொண்டே இருந்தது. அந்தச் சந்தோஷத்தின் முன்னால் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

வெளியீட்டு விழாவுக்கு மாமியாரைப் பார்வையற்ற நேயர்களின் பிரதிநிதியாக முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஆணையம் அமைந்த பிறகு ஒரு நேயரை நேரில் சந்திப்பது அதுவே முதல் முறை என்று தலைவர் பெருமையோடு அறிவித்தார்.

"நேயர்கள் எங்களுக்கு எவ்வளவு முக்கியம்னா, அவங்க காதுல எந்தத் தொந்தரவும் விழக்கூடாதுன்னுதான் ராப்பகலா உழைக்கிறோம். இந்த நாவல்ல தும்மல் இல்லை. இருமல் இல்லை. மூச்சு இல்லை. நாங்க ஆரம்பிச்ச வேலை இன்னிக்கு முழுமையாயிடுச்சு."

விளக்கை மங்கலாக்கினார்கள். முதல் அத்தியாயம் ஒலிபரப்பப்பட்டது. சபை கண்ணை மூடிக்கொண்டது. ஒருவர் மெதுவாகத் தலையாட்ட, பக்கத்திலிருந்தவரும் ஆட்ட, தலையாட்டல் வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. பத்திரிகை விமர்சகர் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். மாமியார் மடியில் கையைக் கோத்து, உடம்பை முன்னால் சாய்த்து, காதைக் கொடுத்துக் காத்திருந்தார். ஆஸ்பத்திரியில் நோயாளியின் நாடியைத் தேடுகிறபோது அப்படித்தான் சாய்ந்து நின்றிருப்பார். மாஸ்டர் அவரைப் பார்க்க முடியாமல் கூரையைப் பார்த்தார்.

கைதட்டல் எழுந்தது.

"எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார் மாமியார்.

தலைவர் மேடையிலிருந்து குனிந்து கிசுகிசுத்தார். "முடிஞ்சிருச்சும்மா. எப்படி இருந்துச்சு?"

மாமியார் அவர் நின்ற திசையில் முகத்தைத் திருப்பினார். "எனக்குக் கண்ணுதான் போச்சுன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார்.

நெஞ்சை உருக்கும் பாராட்டு என்று அதை மறுநாள் பத்திரிகைகள் வெளியிட்டன.

மூன்றாம் பாகத்தின் குறுந்தகடுகள் எல்லா நேயர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. ஒரு புகார்கூட வரவில்லை என்று ஆணையம் தன் ஆண்டறிக்கையில் எழுதியது. அது உண்மைதான். புகார் தொலைபேசியின் மைக்கையும் ஆணையமே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தது.

அன்று விழா முடிந்து வெளியே வந்தபோது மாஸ்டர் தன் மைக்கைக் கேட்டார். அது இனி அருங்காட்சியகத்தில் இருக்குமாம். புத்தகத்தைக் கேட்டார். அதைத்தான் பதிவு செய்தாகிவிட்டதே, இனி யாரும் படிக்க வேண்டிய அவசியமில்லை என்று அலமாரியைப் பூட்டிவிட்டார்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறி உட்கார்ந்ததும் மாமியார், கடைக்கு விடுங்கள் என்றார். அதே மைக்கை இன்னொன்று வாங்கலாம்; புத்தகம் இல்லாவிட்டால் போகிறது, மாப்பிள்ளை கதையை மனசிலிருந்து சொல்லட்டும், மற்ற நேயர்களுக்கும் அனுப்பலாம்.

கடைக்காரர் அவர்களைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். அதே மைக் கண்ணாடிப் பேழைக்குள் இருந்தது. அதன் மேல் ஆணையத்தின் பொன் முத்திரை. விலைச் சீட்டைப் பார்த்து மாஸ்டரின் கால் கடையின் தரையை அழுத்தியது.

"நீங்கதான் சார் இதுக்கு முத்திரை வாங்கிக் கொடுத்துட்டீங்க" என்றார் கடைக்காரர். "அன்னிக்கே ரெண்டா வாங்கியிருக்கக்கூடாதா? பெட்டியோட பொத்தான் மேலயும் ஒரு முத்திரை ஒட்டிட்டாங்க, வாங்கறவங்க அதை அழுத்தறதே இல்லை. முத்திரை கிழிஞ்சுடுமாம்."

மாமியார் மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு காருக்குத் திரும்பினார். மாஸ்டர் ஸ்டீயரிங் பக்கம் உட்கார்ந்தார். மாமியார் பக்கத்து இருக்கையில், எப்போதும் மாஸ்டர் உட்காரும் இடத்தில். கடைத்தெரு நெரிசலில் வண்டி ஊர்ந்தது.

"ஏறினாளா, இறங்கினாளா?" என்றார் மாமியார்.

"இங்கயா அத்தை? வீட்டுக்குப் போயி, அமைதியா..."

"அமைதி போதும் மாப்பிள்ளை. இன்னிக்கு நிறையக் கேட்டாச்சு."

மாஸ்டர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "இறங்கிட்டா அத்தை. கார்டு விசிலை ஊதறார், ஊதறார், விதிப்படி படியில நிக்கக்கூடாதும்மா, ஏறுன்னு கத்தறார். அவ திரும்பிப் பார்த்து, விசில் அடிச்சாப் போறதுக்கு நான் என்ன ரயிலா அப்படிங்கறா."

"அப்படியா சொன்னா?" மாமியார் தொடையில் தட்டினார். "அப்புறம்?"

"அப்புறம்தான் அத்தை விஷயமே..."

முன்னால் விளக்கு பச்சைக்கு மாறியிருந்தது. மாஸ்டர் கவனிக்கவில்லை. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் ஒரு லாரி. ஒரு ஆள் ஜன்னலில் தலையை நீட்டி, டிரைவிங் ஸ்கூல் போர்டைப் பார்த்துவிட்டு, கற்றுக்கொடுக்கிற லட்சணத்தைப் பற்றி விரிவாகப் பேசினான். பக்கத்துக் கடையில் ஷட்டரை இழுத்தார்கள். மாஸ்டர் குரலை உயர்த்தினார். பயந்தவர்களைத் தேற்றித் தேற்றிப் பழகிய அந்தக் குரல் இப்போது ஹாரன்களுக்கு மேலே ஏறி நின்றது.

"அவ பெட்டி உள்ளேயே இருக்கு அத்தை, ரயில் நகருது. கேக்குதா?"

"எல்லாமே கேக்குது" என்றார் மாமியார். "நீங்க சொல்லுங்க."